வீட்டோடு இருக்கும் நாட்கள்: சிஸ்டரிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

வில்லிவாக்கத்தில் 36 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறேன். அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 2020 மார்ச்சில் ஊரடங்கு ஆரம்பித்ததிலிருந்து என் போன்தான் எங்கள் பிளாக்குக்குக் காய்ச்சல் முகாம். பால் வாங்கக் கீழே இறங்கினால் ஒரு கேள்வி, மாடியில் வடகம் காயப்போட்டால் ஒரு கேள்வி. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்ட பிறகு பழைய டைரியில் குறிக்க ஆரம்பித்தேன்.

கொரோனா அலைகள் ஓய்ந்துவிட்டன, கேள்விகள் ஓயவில்லை. தெருவில் ஏதாவது ஒரு காய்ச்சல் சுற்றினால் திரும்ப அதே போன்கள். அதனால் அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

“வெறும் சளி, இருமல்தானே சிஸ்டர்? இதுக்கெல்லாம் தனி ரூமா?”

ஆமாம், முதல் நாளே. கொரோனா, ஃப்ளூ மாதிரியான தொற்றில் காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே கிருமி மற்றவருக்குப் போக ஆரம்பித்துவிடும். ‘டெஸ்ட் ரிசல்ட் வரட்டும்’ என்று காத்திருந்த வீடுகளில், ரிசல்ட் வரும்போது வீட்டில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

எத்தனை நாள் என்பது அடுத்த கேள்வியாக வரும். 2021இல் 10 நாள் என்றார்கள், 2022 ஜனவரியில் அதை 7 நாளாகக் குறைத்தார்கள். இரண்டிலும் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக்கூடாது என்பது பொது. நோய்க்கு நோய் கணக்கு மாறும், அந்தந்த நேரத்து அறிவிப்பைப் பாருங்கள்.

“எங்க வீடே ஒரு ரூம், ஒரு கிச்சன், ஒரு பாத்ரூம். எங்க போய்த் தனியா இருக்கறது?”

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் எல்லோருக்கும் மூன்று படுக்கையறை இருக்கும்போல. சென்னையில் பாதி வீடுகளுக்கு அது கதை. ஒற்றை அறையில் முழுசாகப் பிரிந்து இருக்க முடியாது, ஆனால் நிறையக் குறைக்கலாம். நோயாளியின் பாயை ஜன்னலுக்குப் பக்கத்தில் போடுங்கள். டேபிள் ஃபேன் இருந்தால் அதன் முகத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் திருப்பி வையுங்கள். அறைக்குள் இருக்கும் காற்றை அது வெளியே தள்ளும். நடுவில் புடவையைக் கட்டித் திரை போட்டால் மனசுக்கு ஆறுதல், கிருமிக்கு அது தடையில்லை.

நோயாளியும் பார்த்துக்கொள்பவரும், இரண்டு பேருமே மாஸ்க் போட வேண்டும். பாத்ரூமை நோயாளி கடைசியாகப் பயன்படுத்தட்டும், போய் வந்ததும் அதன் ஜன்னல் கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும். சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றியே ஆக வேண்டும். அதனால் நோயாளி தனியாக, மற்றவர்கள் வேறு நேரத்தில் சாப்பிடுங்கள். அந்த வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அறிகுறி இல்லாத உறவினர் வீட்டுக்கு அவர்களை அனுப்பலாமே என்று தோன்றும். நோயாளியோடு ஏற்கெனவே இரண்டு நாள் ஒன்றாக இருந்துவிட்டார்கள் என்றால் அனுப்பாதீர்கள், தொற்றும் கூடவே பயணம் போகும்.

இதெல்லாம் நடக்காது என்றால், அரசுப் பராமரிப்பு மையம் திறந்திருக்கும் நேரத்தில் அங்கே போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. 2020இல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலேயே கட்டில் போட்டார்கள். எங்கள் பிளாக்கிலிருந்து அப்படி ஒரு மையத்துக்குப் போன ஒருவர், வீட்டைவிட அங்கே நன்றாகத் தூங்கினேன் என்றார்.

“கத்திரி வெயில்ல ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்றீங்களே, ஏசி போட்டா என்ன?”

வீட்டில் இருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். நோயாளி தனி அறையில் இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். எல்லோரும் ஒரே அறையில் என்றால் வேண்டாம்.

நம் ஊருக்கு ஒரு கொடுப்பினை உண்டு. காலையில் மேற்கிலிருந்து அனல் அடித்தாலும், பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்துவிடும். அது வந்ததும் கிழக்கு ஜன்னலையும் அதற்கு எதிரே ஒரு கதவையும் திறந்துவிடுங்கள். விடிகாலையிலும் ஒரு தடவை. நடுப்பகலில் அரைக் கதவு போதும், தரையில் ஈரத்துணி போட்டுத் துடைத்துச் சமாளிக்கலாம்.

“ஆவின் பாக்கெட்டை சோப்பு போட்டுக் கழுவணுமா?”

2020இல் நானே கழுவினேன், இப்போது நினைத்தால் சிரிப்பு. தண்ணீரில் அலசினால் போதும், காய்கறிக்கும் அதே. காய்கறிக்கு சோப்பு போடாதீர்கள், வயிற்றுக்கு ஆகாது.

ஆனால் ஒன்று. பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும். சானிட்டைசர் தடவிய ஈரக்கையோடு அடுப்பு பற்றவைப்பதும் விளக்கேற்றுவதும் கூடாது, அதில் பாதிக்கு மேல் ஆல்கஹால்.

“ஆக்சிஜன் மீட்டர்ல 93 காட்டுது. ஆனா எனக்கு நல்லாத்தான் இருக்கு. மெஷின் ரிப்பேரா?”

இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், அதுதான் பயம். முதலில் மெஷினைச் சோதியுங்கள். நகச்சாயம், மருதாணி இருந்தால் வேறு விரல். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் அசையாமல் வைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். அதே மெஷினை வீட்டில் நன்றாக இருக்கும் ஒருவருக்கும் போட்டுப் பாருங்கள். கறுத்த தோலில் இந்த மெஷின் உண்மையைவிட ஒன்றிரண்டு கூட்டியே காட்டலாம் என்பதையும் மனதில் வையுங்கள். நம் ஊரில் நிறையப் பேருக்கு இது பொருந்தும்.

திரும்பவும் 94க்குக் கீழே என்றால் உடனே டாக்டரிடம் பேசுங்கள், 90க்குக் கீழே என்றால் பேச நேரமில்லை, 108. ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதை கொரோனாவில் நம்ப முடியாது. மூச்சு வாங்காமலேயே ஆக்சிஜன் இறங்கும். 2021 மே மாதத்தில் எங்கள் மாடியில் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டே 86 காட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம், அதில் ஆக்சிஜன் கொஞ்சம் ஏறும். கர்ப்பிணிகள் அப்படிப் படுக்கக்கூடாது.

“எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு எப்படித் தெரியும்?”

மெஷினே இல்லாத வீட்டுக்கும் சொல்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சில் அழுத்தம், பேச்சு குழறுகிறது, எழுப்பினாலும் சரியாக எழவில்லை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை. இதில் ஒன்று இருந்தாலும் 108. சந்தேகம் மட்டும்தான் என்றால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104இல் கேளுங்கள். வயதானவர்கள் ‘திடீரென்று சாப்பாடு வேண்டாம்’ என்பதும், இருந்தாற்போல் ஆளை மாற்றிப் பேசுவதும்கூட அறிகுறிதான். காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம்.

“டோலோ எத்தனை போடலாம்?”

டோலோ என்பது பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு 650 மி.கி. என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளில் நான்கைத் தாண்டாதீர்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினம் குடிப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

காய்ச்சல் என்றதும் கொரோனாவையே நினைத்து டெங்குவை மறந்துவிடுகிறோம். சென்னையில் மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்தே வரலாம். டெங்கு கொசு பகலில் கடிப்பது, வீட்டில் பிடித்து வைத்த மெட்ரோ வாட்டர் டிரம்மிலும் வளர்வது. அதனால் காய்ச்சல் எதுவென்று தெரியும்வரை புரூஃபென், டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகள் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.

“எதிர் வீட்டு சாருக்கு டாக்டர் எழுதின சீட்டு இருக்கு. அதே நோய்தானே, அதையே வாங்கிப் போடலாமா?”

கூடாது. அந்த சீட்டு 2021இல் எங்கள் பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. அதில் ஒரு ஸ்டீராய்டும் இருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது உண்மை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை என்று சொன்னதும் அதே ஆய்வுதான். அந்தப் பாதியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். கருப்புப் பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தவர்கள்.

“கபசுரக் குடிநீர், ஆவி பிடிக்கறது, மிளகு ரசம் எல்லாம் வீண்னு சொல்றீங்களா?”

மிளகு ரசத்தை வீண் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். கபசுரக் குடிநீர் குடித்தால் குடியுங்கள், ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றுவதுதான் ஆபத்து. கர்ப்பிணிகளும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சித்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விடும், கிருமி சாகாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த குழந்தைகளை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

“வாசனையே தெரியல. திரும்பி வருமா?”

பெரும்பாலும் சில வாரத்தில் வந்துவிடும். வராதவர்களுக்கு மோப்பப் பயிற்சி உண்டு. கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜா என்று நான்கு வாசனை. தினம் காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 20 விநாடி, அந்த வாசனையை நினைத்துக்கொண்டே முகர வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அதுவரை கேஸ் சிலிண்டர் விஷயத்தில் கவனம். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ணும் முன் வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்து மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

“வாக்கிங் போக முடியல, சுகர் ஏறிட்டே போகுது.”

மொட்டை மாடி எதற்கு இருக்கிறது? எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு அரை மணி என்று நேரம் பிரித்தோம். சண்டை வந்தது, சரியானது. அது இல்லாதவர்கள் சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் ஹாலிலேயே நடங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஒரு மாதத்து மாத்திரை கையிருப்பு இருக்கட்டும். காய்ச்சல் நாளில் சரியாகச் சாப்பிடவில்லையே என்று இன்சுலினைத் தாங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்டு அளவை மாற்ற வேண்டும்.

“ராத்திரி ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா தூக்கமே போயிடுது. இது பைத்தியமா சிஸ்டர்?”

இல்லம்மா. 2021 மே மாதத்தில் அந்தச் சத்தத்துக்குத் தூங்கியவர்கள்தான் அதிசயம். காவலுக்கு நின்று பழகிய உடம்பு படுத்த பிறகும் காவல் காக்கிறது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து வேலை செய்தவை: செய்தியை ஒரு நாளில் ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு முன் பார்ப்பது. போனை வேறு அறையில் சார்ஜில் போடுவது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது, பத்துத் தடவை.

அப்புறம், காலையில் குளித்து வேறு உடை மாற்றுவது. நைட்டியோடு விடிந்து நைட்டியோடு முடிந்த நாட்களில் எனக்கே மனசு சாய்ந்தது. படபடப்போ சோர்வோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால், சமைப்பதும் குளிப்பதும்கூட பாரமாகத் தெரிந்தால், அதற்கும் டாக்டர் இருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாதிரிதான் அதுவும்.

“அம்மா மயிலாப்பூர்ல தனியா இருக்காங்க, நான் நியூ ஜெர்சியில. போன் பண்ணா ‘நல்லா இருக்கேன்’னு மட்டும் சொல்றாங்க.”

‘எப்படி இருக்கே’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். ‘இன்னைக்கு என்ன குழம்பு’ என்று கேளுங்கள். மூன்று நாளாக மோர்சாதம் என்றால் உங்களுக்கே புரியும். ‘வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு’ என்று அவரைச் சொல்லிக் கொடுக்க விடுங்கள், குரலே மாறும். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் மாற்றுச் சாவியும் மாத்திரைப் பட்டியலும் இருக்கட்டும். தினம் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் எடுக்கவில்லை என்றால் சாவி வைத்திருப்பவர் போய்ப் பார்ப்பார்.

“எல்லாரும் வீட்லயே இருக்கோம். விடிஞ்சா சண்டை.”

முக்கால்வாசிச் சண்டை வேலைப் பங்கில்தான். ஐந்து பேர் வீட்டில், மூன்று வேளை சாப்பாடு, நடுவில் இரண்டு காபி, எல்லாம் ஒரே ஆள் தலையில். அய்யாக்கள் ஆபீஸ் வேலை முடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்தாலே பாதி அடங்கும்.

கை ஓங்குகிற வீட்டுக்கு இந்தப் பதில் பொருந்தாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பேச முடியாத நிலை என்றால் நம்பகமான ஒருவரோடு ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். ‘கறிவேப்பிலை இருக்கா’ என்று ஒருவர் எனக்கு அனுப்புவார். நான் உடனே போய்க் கதவைத் தட்டுவேன்.

“டாஸ்மாக் மூடிட்டாங்க. இவருக்குக் கை நடுங்குது, ராத்திரி யாரோ வந்திருக்காங்கன்னு பேசறார்.”

இது திமிரும் நடிப்பும் இல்லை. பல வருடம் தினம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே நடுக்கம், வியர்வை. இரண்டு மூன்று நாளில் வலிப்பும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம், உயிருக்கே ஆபத்து. கட்டிப் போட்டு, மோர் கொடுத்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சானிட்டைசரும் வார்னிஷும் அவர் கைக்கு எட்டாமல் இருக்கட்டும், 2020இல் அவற்றைக் குடித்து இறந்தவர்கள் உண்டு.

“வாசல்ல தகரம் அடிச்சாங்க. லிஃப்ட்ல எங்களைப் பார்த்தா ஒதுங்கறாங்க. நாங்க என்ன தப்பு பண்ணோம்?”

ஒன்றும் இல்லை. எங்கள் பாட்டி காலத்தில் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியாள் உள்ளே வரமாட்டார், அந்த வீட்டில் தாளிக்கும் ஓசைகூடக் கேட்காது. ஆனால் இளநீரும் நுங்கும் வாசல்படிக்கு வந்துகொண்டே இருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் தெருவே விசாரிக்கும். கொரோனாவுக்கு வாசலைத் தகரத்தால் அடைத்த வீட்டுக்கு அந்த இளநீர்கூட வரவில்லை, அதுதான் வித்தியாசம். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு டாக்டரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கூடித் தடுத்ததையும் பார்த்தோம். ஒதுங்கி இருப்பது மருத்துவம். ஒதுக்கி வைப்பது பயம்.

எங்கள் பிளாக்கில் நோய் வந்த வீட்டுக்கு எதிர் வீடு பொறுப்பு என்று பேசி வைத்தோம். பால், மாத்திரை, குப்பை, மூன்று மட்டும். வேலைக்கு வரும் அம்மாவுக்கும் இதே நியாயம்தான். வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், சம்பளத்தை அவர் வீட்டுக்குச் சேர்ப்பதும் நீங்கள்தான்.

“அப்பா போயிட்டார். முகத்தைக்கூடக் காட்டல. பத்தாம் நாள்கூடச் செய்யல. அழுகையே வரமாட்டேங்குது.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் பல நாள் தெரியவில்லை. நம் வீடுகளில் சாவு தனியாக நடக்காது. கட்டிப்பிடித்து அழ ஆள் வரும், சமைக்க விடாமல் பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும், பதினாறு நாளும் யாராவது இருப்பார்கள். அத்தனையும் இல்லாமல், பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒன்றைத் தூரத்தில் நின்று பார்த்தால் போனதே மனசுக்குப் பதியாது. அழுகை வராதது கல்நெஞ்சு இல்லை.

இப்படிக் கேட்ட ஒரு பெண்ணிடம், வருஷ திதிக்கு எல்லோரையும் கூப்பிடச் சொன்னேன். விட்டுப்போன சடங்கை எப்படிச் செய்யலாம் என்று உங்கள் வீட்டுப் பெரியவரையோ புரோகிதரையோ கேட்டால் வழி சொல்வார்கள். அவள் அன்று அப்பாவுக்குப் பிடித்த பொரித்த அப்பளத்தோடு இலை போட்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பற்றி ஒன்று சொன்னார்கள். முதல் தடவையாக அன்றுதான் அழுதாள். ‘நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன்’ என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தால் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த பதிலில் உள்ள எண்களில் பேசுங்கள்.

“இனி இருந்து என்ன பண்ணப்போறேன்னு தோணுது.”

இதைச் சொன்னதே பெரிய விஷயம். இப்போதே, தனியாக இல்லாமல், ஒருவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். 104இலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் ‘சிநேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது, 044-24640050. திட்டமாட்டார்கள், கேட்பார்கள்.

இதை ஒருவர் உங்களிடம் சொன்னால் ‘அப்படியெல்லாம் பேசாதே’ என்று வாயை அடைக்காதீர்கள். ‘சாகணும்னு நினைக்கிறியா’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மாத்திரை டப்பா, எலி மருந்து எல்லாம் அன்றைக்கே வேறு வீட்டுக்குப் போகட்டும்.

“நெகட்டிவ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் ரெண்டு மாடி ஏற முடியல.”

பலருக்கு இருந்தது, சோம்பேறித்தனம் இல்லை. முதலில் இதயம், நுரையீரல், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால் நல்ல நாளில் பாதி வேலை மட்டும் செய்யுங்கள். ‘இன்னைக்குத் தெம்பா இருக்கே’ என்று வீடு முழுக்க ஒட்டடை அடித்தவர்கள் அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடந்தார்கள்.

“உங்களுக்கு பயமே இல்லையா சிஸ்டர்?”

இருந்தது. 2021 மே மாதம் எனக்கும் வந்தது. ஊருக்கெல்லாம் மீட்டர் சொல்லிக் கொடுத்தவள், என் விரலில் 95 பார்த்ததும் ராத்திரி எட்டுத் தடவை மாட்டி மாட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டு மருமகள் தினம் காலை ஏழு மணிக்கு வாசலில் பிளாஸ்க்கில் ரசம் வைத்து, மணி அடித்துவிட்டுப் போவாள். நாக்கு செத்துப்போன நாட்கள், கொடுத்ததைக் குடித்தேன். அதில் நான்கு நாள் உப்பே போடவில்லையாம், என் பிரஷருக்கு ஆகாது என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள். தீபாவளிக்குத்தான் சொன்னாள்.